சுருள்பாசியை முகம் சுளிக்காமல் சாப்பிடுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்பைருலினா என்று டப்பாவில் அச்சிட்டு விற்கும் கரும்பச்சைப் பொடியைத் தமிழில் சுருள்பாசி என்கிறோம். நுண்ணோக்கியில் பார்த்தால் அதன் ஒவ்வோர் இழையும் சுருள்வில்லைப் போல முறுக்கிக்கொண்டிருக்கும் என்பதால் வந்த பெயர் அது. வாங்கும்போது எல்லோரும் அதன் சத்தைப் பற்றித்தான் விசாரிக்கிறோம். சுவையைப் பற்றிய கேள்வி, டப்பாவைத் திறந்து முதல் கரண்டியை வாயில் வைத்த பிறகுதான் எழுகிறது. பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டு அலமாரியில் அப்படி ஒரே ஒரு கரண்டி மட்டும் குறைந்த டப்பா ஒன்று எட்டு மாதம் கிடந்தது.

அந்த ஒரு கரண்டியை நான் வீணாக்கிய விதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குகிறவர்களில் பலர் செய்வது அதைத்தான். சத்துமாவைப் போல இதையும் நினைத்துக்கொண்டு, சுடச்சுடப் பாலில் ஒரு தேக்கரண்டி நிறையப் போட்டு, சர்க்கரை சேர்த்துக் கலக்கினேன். பொடி கரையாமல் உருண்டை உருண்டையாக மிதந்தது. பால் சாம்பல் பூத்த பச்சையாக மாறியது. ஆவியோடு மீன்தொட்டி வாடை கிளம்பியது. ஒரு வாய் குடித்ததும் உருண்டை ஒன்று நாக்கில் உடைந்து, உள்ளே நனையாமல் இருந்த பொடி வாய் முழுவதும் அப்பிக்கொண்டது. என் மாமியார் டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கெணத்துப் படியில வழுக்குமே, அந்தப் பாசியா இது?" என்று கேட்டார். பால் வாழைக்குழிக்குப் போனது.

இப்போது அதே வீட்டில் அதே பொடி மாதம் தவறாமல் தீர்கிறது. பொடி மாறவில்லை, சேர்க்கும் இடம்தான் மாறியது. சுருள்பாசி இனிப்பின் பக்கத்தைச் சேர்ந்த பொருள் அல்ல. உப்பு, புளிப்பு, காரம், எண்ணெய் ஆகியவற்றின் பக்கத்தைச் சேர்ந்தது. இதைப் பிடித்துக்கொண்டால் கீழே சொல்லப்போகும் எல்லா முறைகளையும் நீங்களே ஊகித்துவிடலாம்.

இது எந்தப் பாசி?

மாமியாரின் கேள்வி நியாயமானது, ஆகவே அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே செல்வோம். கிணற்றுப் படியில் வழுக்கும் பாசி வேறு, இது வேறு. நோன்புக் காலத்தில் பாலும் சர்க்கரையும் சேர்த்து வில்லைகளாக வெட்டும் கடல்பாசியும் இதுவல்ல. அது கடலில் வளரும் சிவப்புப் பாசிகளிலிருந்து எடுக்கப்படும் பசைப்பொருள். சுருள்பாசி என்பது நன்னீரிலும் உப்பேறிய ஏரிகளிலும் வளரும் நீலப்பச்சை நுண்ணுயிர். சூரிய ஒளியைக் கொண்டு உணவு தயாரிப்பதால் செடியைப் போலத் தோன்றினாலும், அறிவியல் அதைச் சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியா வகையில்தான் சேர்க்கிறது. சோடா உப்பின் காரத்தன்மை மிகுந்த தண்ணீரில், 30 முதல் 35 பாகை வெப்பத்தில் அது செழித்து வளரும். மற்றக் கிருமிகள் பலவற்றுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது என்பதால் தொட்டிகளில் தனியாக வளர்ப்பது சாத்தியமாகிறது. வளர்ந்ததைத் துணியில் வடிகட்டி, கழுவி, பிழிந்து, உலர்த்தி, அரைத்தால் நம் கைக்கு வரும் பொடி.

தமிழ்நாட்டுக்கு இது நேற்று வந்த பொருளும் அல்ல. சென்னையில் உள்ள முருகப்பா செட்டியார் ஆய்வு மையத்தில் சி. வி. சேஷாத்ரியின் தலைமையில், கிராமத்தில் எளிய தொட்டிகளில் இதை வளர்ப்பதற்கான முறைகள் பல ஆண்டுகளுக்கு முன்பே ஆராயப்பட்டன. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும் இதில் பணியாற்றியது. ஆரோவில்லிலும் சுருள்பாசிப் பண்ணை உண்டு.

ஒரே ஓர் எச்சரிக்கை. ஊர்க் குளத்தில் பச்சையாகப் படர்ந்திருப்பதை அள்ளிவந்து "இதுவும் அதுதானே" என்று காயவைக்கும் எண்ணம் யாருக்கும் வரக்கூடாது. தேங்கிய குளங்களில் படரும் நீலப்பச்சைப் பாசிகளில் சில, கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியவை. கண்ணால் பார்த்து அவற்றைப் பிரித்தறிய முடியாது.

வாயில் என்ன தெரியும்?

வாங்குவதற்கு முன்பே சுவையைத் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். முதலில் நாக்குக்குத் தெரிவது மெல்லிய உப்பு. 100 கிராம் பொடியில் ஏறக்குறைய 1 கிராம் சோடியம் இருக்கிறது, ஆகவே அது வெறும் பிரமை அல்ல. அடுத்து வருவது, பருப்பு வெந்த தண்ணீரிலும் காளான் குழம்பிலும் உணர்கிற அந்தக் கனத்த சுவை. புரதம் மிகுந்த பொருள்களுக்கே உரியது. அதற்குப் பின்னால் கீரைக்கட்டை ஈரத்தோடு மூடிவைத்துத் திறந்தால் வருமே, அது போன்ற பச்சை வாடையும், எல்லாவற்றுக்கும் அடியில் கடற்கரைக் காற்றை ஒத்த வாடையும் இருக்கும். கசப்பு பெரிதாக இல்லை. விழுங்கிய பிறகு சிறிது நேரம் தொண்டையில் தங்கும் மணம்தான் பலருக்குத் தொந்தரவு தருகிறது.

தொட்டியிலிருந்து புதிதாக வடித்தெடுத்த ஈரப்பாசிக்கு இந்த வாடை மிகமிகக் குறைவு. வெண்ணெயைப் போல மென்மையாக இருக்கும். உலர்த்துவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டாலோ, உலர்ந்த பொடி காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழசானாலோ அதிலுள்ள கொழுப்பு கெட்டு, மீன்வாடை கூடிவிடுகிறது. ஆகவே "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்டுவதற்கு முன், உங்கள் கையில் இருப்பது நல்ல பொடிதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

முதல் படி: வாங்கும்போது மூக்கையும் கண்ணையும் நம்புங்கள்

நல்ல பொடி நீலம் கலந்த கரும்பச்சையாக இருக்கும். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் வெயில்பட்டதோ, நாள்பட்டதோ என்று சந்தேகிக்கலாம். டப்பாவைத் திறந்தவுடன் காய்ந்த புல்லும் கடலும் கலந்த மெல்லிய மணம் வரலாம். அழுகல் நெடி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெயில்படும் அடுக்கில் நிறுத்திவைத்திருக்கும் கடையில் வாங்காமல் இருப்பது உத்தமம்.

டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், தயாரித்த நாள், பயன்படுத்தவேண்டிய கெடு, தொகுதி எண் ஆகியவை இருக்கவேண்டும். சேர்பொருள்களின் வரிசையில் சுருள்பாசி மட்டும்தான் இருக்கிறதா, அல்லது சர்க்கரையும் மாவும் சுவையூட்டியும் முன்னே நிற்கின்றனவா என்று பார்க்கவேண்டும். சுருள்பாசி தான் வளரும் தண்ணீரில் உள்ள காரீயம், பாதரசம் போன்ற உலோகங்களை உறிஞ்சிக்கொள்ளக்கூடியது என்பதால், உலோகங்களுக்கும் பாசிநஞ்சுக்கும் சோதித்த அறிக்கையைக் கேட்டால் காட்டுகிற உற்பத்தியாளரைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. முதல்முறை 50 கிராமோ 100 கிராமோ போதும். மலிவாகக் கிடைக்கிறதே என்று கால் கிலோ வாங்கினால் அது அலமாரியில் பழசாகும், பழசாக ஆக வாடை கூடும், வாடை கூடக் கூட நீங்கள் தொடமாட்டீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். வெள்ளைக் கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஒரு சிட்டிகைப் பொடியை மேலே தூவி, கலக்காமல் ஒரு மணிநேரம் விட்டுவிடுங்கள். பச்சை அடியில் தங்க, தண்ணீரில் சொட்டு நீலம் விட்டதைப் போல நீலம் இறங்குவது தெரியும். அந்த நீலம் பைக்கோசயனின் என்ற நிறமி. சூட்டில் மிக எளிதாகச் சிதையும் பொருள் அதுவே என்பதால், நீலம் நன்றாக இறங்கினால் பொடியை அதிகச் சூடு படாமல் உலர்த்தியிருக்கிறார்கள் என்று ஓரளவு நம்பலாம். என் மகளுக்குச் சுருள்பாசியின் மீது வந்த முதல் மரியாதை அந்தக் கிண்ணத்தைப் பார்த்த பிறகுதான் வந்தது.

இதையே சோறாக உண்டவர்கள் எப்படி உண்டார்கள்?

மெக்சிகோவின் டெஸ்கோகோ ஏரியிலிருந்து அஸ்டெக் மக்கள் இந்தப் பாசியை அள்ளி, காயவைத்து, கட்டிகளாக்கிச் சந்தையில் விற்றதை 16ஆம் நூற்றாண்டில் அங்கே சென்ற ஸ்பானியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆப்பிரிக்காவில் சாட் ஏரியை அடுத்த கானெம் பகுதியில் பெண்கள் இன்றும் இதை அள்ளி, மணலில் ஊற்றி வடியவிட்டு, வெயிலில் காயவைத்து, தட்டைகளாக உடைத்து எடுக்கிறார்கள். அதற்கு அங்கே டிஹே என்று பெயர். அவர்கள் அதை எதோடு சாப்பிடுகிறார்கள் என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. தக்காளி, மிளகாய், மசாலா சேர்த்துக் குழம்பாக்கி, கம்பு போன்ற சிறுதானியக் களியின் மேல் ஊற்றி உண்கிறார்கள்.

இதைப் படித்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாழைப்பழமும் பாதாம்பாலும் பனிக்கட்டியும் சேர்த்து அரைக்கச் சொல்லும் நாகரிகக் குறிப்புகளையெல்லாம் தேடிக்கொண்டிருந்த எனக்கு, விடை எங்கள் வீட்டுக் கம்பங்கூழ்ச் சட்டியில் இருந்திருக்கிறது. சித்தூர் வட்டத்தின் இந்த வறண்ட கிழக்குப் பகுதியில் கம்பும் நிலக்கடலையும் பனையும்தான் பழைய சொத்து. காரமும் புளிப்பும் உப்பும் சேர்ந்த கூழுக்கு நாம் யாரிடமும் போய்ப் படிக்கவேண்டியதில்லை.

இரண்டாம் படி: கட்டி தட்டாமல் கரைப்பது

எந்த முறையில் சாப்பிட்டாலும் இந்தப் படி ஒன்றே. பொடியைத் திரவத்தின் மேல் கொட்டக்கூடாது. ராகி மாவைக் கூழுக்குக் கரைப்பதைப் போல, சிறு கிண்ணத்தில் முதலில் பொடியைப் போட்டு, அதன் மேல் இரண்டு தேக்கரண்டி தயிரோ தண்ணீரோ விட்டு, கரண்டியின் முதுகால் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்துத் தேய்க்கவேண்டும். அரை நிமிடத்தில் மைபோன்ற விழுது கிடைக்கும். கரண்டியைத் தூக்கினால் விழுது பட்டுப்போல வழியவேண்டும். வெளிறிய பச்சைப் புள்ளி ஏதேனும் தெரிந்தால் அங்கே உலர்ந்த பொடி சிக்கியிருக்கிறது என்று பொருள், மீண்டும் தேய்க்கவேண்டும். அதன் பிறகுதான் மீதித் திரவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கவேண்டும். தயிரில் தேய்த்தால் தண்ணீரைவிட எளிதாக இணங்குகிறது என்பது என் அனுபவம். அவசரமாக இருப்பவர்கள் மூடியுள்ள புட்டியில் மோரையும் பொடியையும் போட்டுக் குலுக்கலாம். ஆனால் மூடியின் மரையில் ஒட்டும் பச்சையை உடனே கழுவாவிட்டால் மறுநாள் அந்தப் புட்டியில் வேறெதையும் குடிக்க மனம் வராது.

துணியில் சிந்தினால் காய்வதற்குள் குளிர்ந்த தண்ணீரில் அலசிவிடுங்கள். வெள்ளை வேட்டிக்கு அருகில் இந்த வேலையைச் செய்யாதீர்கள்.

மூன்றாம் படி: முதல் வாரம் மோரில் மட்டும்

புதியவர்களுக்கு நான் சொல்லும் முதல் பானம் சம்பாரம். மலையாளிகள் சம்பாரம் என்றும் நாம் நீர்மோர் என்றும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். அவர்கள் எலுமிச்சை இலையையோ நாரத்தை இலையையோ கசக்கிப் போடுவார்கள், அந்த இலைதான் இங்கே பெரிய உபகாரம் செய்கிறது. ஒரு டம்ளர் புளித்த மோருக்கு, நசுக்கிய இஞ்சி சிறு துண்டு, கீறிய பச்சை மிளகாய் பாதி, இரண்டு சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கையால் கிழித்த எலுமிச்சை இலை ஒன்று, வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாக உப்பு. எல்லாவற்றையும் உரலில் ஓர் இடி இடித்து மோரில் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டுங்கள். பாசி விழுதைக் கடைசியில் சேர்த்துக் கலக்கி உடனே குடியுங்கள்.

முதல் மூன்று நாள்களுக்குக் கால் தேக்கரண்டிக்கும் குறைவாக, அதாவது ஏறக்குறைய அரை கிராம் போதும். இந்த அளவில் மோர் வெளிர்பச்சையாக இருக்கும், பாசியின் சுவை கறிவேப்பிலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். நான்காம் நாளிலிருந்து கால் தேக்கரண்டி, இரண்டாம் வாரத்தில் அரை தேக்கரண்டி என்று ஏற்றலாம். தட்டையாக அளந்த ஒரு தேக்கரண்டி 2 முதல் 3 கிராம் வரை வரும். அதற்கு மேல் போகவேண்டிய தேவை பெரும்பாலானோருக்கு இல்லை. மெதுவாக ஏற்றுவதற்குச் சுவை மட்டும் காரணம் அல்ல. தொடக்கத்தில் சிலருக்கு வயிற்று உப்புசம், குமட்டல், தலைவலி வருவதுண்டு. குறைந்த அளவில் தொடங்கினால் அது வந்தாலும் தெரிந்துகொண்டு நிறுத்த முடியும். மலம் கரும்பச்சையாகப் போவதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், அது நிறமியின் வேலை.

குளிர்ச்சியும் உதவுகிறது. மண்பானையில் வைத்துக் குளிர்ந்த மோரில் வாடை அடங்கியிருக்கும், இளஞ்சூட்டில் எழும்பும். எலுமிச்சைச் சாற்றிலும் உப்பும் இஞ்சியும் போட்டு இதைக் கலக்கலாம்; ஆனால் புளிப்பு அதிகமானால் நீல நிறமி திரிந்து மெல்ல அடியில் படியும், நிறமும் அழுக்குப் பச்சையாகிவிடும் என்பதால் கலந்தவுடன் குடித்துவிடவேண்டும். பாசியில் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி துணைசெய்யும். காப்பியும் தேநீரும் நேர்மாறாகத் தடைசெய்பவை, ஆகவே கட்டன்சாயாவுக்கும் இதற்கும் ஒரு மணிநேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

நான்காம் படி: சாப்பாட்டுக்குள் கொண்டுவருவது

மோர் பழகிய பிறகு மற்றவை எளிது. எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டவை மூன்று.

முதலாவது கம்பங்கூழ். இரவே காய்ச்சி ஆறவைத்த கம்பங்களியைக் காலையில் மோர் விட்டுக் கரைக்கும்போது, ஒரு டம்ளருக்கு அரை தேக்கரண்டி வீதம் தேய்த்த விழுதைச் சேர்க்கிறேன். கம்புக்கே ஒரு மண்மணமும் சாம்பல்பச்சை நிறமும் உண்டு என்பதால் பாசியின் நிறமோ மணமோ அங்கே அந்நியமாகத் தோன்றுவதில்லை. தொட்டுக்கொள்ள எண்ணெயில் பொரித்த மோர்மிளகாய். மிளகாயைக் கடித்துவிட்டுக் கூழை உறிஞ்சும்போது தொண்டையில் தங்கும் அந்தப் பின்மணம் முழுவதுமாகக் காணாமல் போகிறது. பாசி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் திருப்பிய மாமியார் இப்போது இதை மட்டும் மறுப்பதில்லை. கேட்டால், "அதுல என்ன போட்டிருக்கறயோ, எனக்குத் தெரியாது கண்ணு" என்பார். தெரியும்.

இரண்டாவது சம்மந்திப் பொடி. தேங்காய்த் துருவலை மிளகாய், புளி, கறிவேப்பிலையோடு சிவக்க வறுத்து இடிக்கும் இந்தப் பொடியைக் கேரளத்து வீடுகளில் மாதக்கணக்கில் வைத்துச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்வார்கள். பொடி நன்றாக ஆறிய பிறகு, ஒரு கிண்ணம் பொடிக்கு இரண்டு தேக்கரண்டி சுருள்பாசி கலந்து மூடிவைக்கிறேன். வறுத்த தேங்காயின் மணம் எவ்வளவு பலமானது என்றால், கலந்திருப்பதைச் சொல்லாவிட்டால் விருந்தாளிக்குத் தெரியாது. இட்லிப் பொடியிலும் இதே அளவு போதும்; நல்லெண்ணெயில் குழைக்கும்போது எண்ணெய் பாசியின் வாடையை வாங்கிக்கொண்டு எள்ளின் மணத்தை மேலே நிறுத்துகிறது. மொத்தமாகக் கலந்து வைப்பதில் ஒரு குறை உண்டு, அன்றாடம் எவ்வளவு உள்ளே போகிறது என்று துல்லியமாகத் தெரியாது. மருந்தைப் போல அளந்து எடுக்க விரும்புகிறவர்கள் தட்டிலேயே தூவிக்கொள்ளலாம்.

மூன்றாவது கொத்தமல்லிச் சட்னி. புதினா, கொத்தமல்லி, பச்சை மிளகாய், புளி, தேங்காய் சேர்த்து அரைத்த சட்னிக்கு ஏற்கெனவே நிறம் பச்சைதான். ஆனால் தாளிப்பைக் கொட்டுவதற்கு முன்னால் பாசியைச் சேர்க்காதீர்கள். கொதிக்கும் எண்ணெய் பட்டவுடன் வாடை குபீரென்று எழும்பும். தாளித்து, ஆறி, பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும்.

இனிப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு

குழந்தைமனம் கொண்ட பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள், அவர்களுக்காக இரண்டு வழிகள். பால் மட்டும் விட்டு இனிப்பாக்குவது தோல்வியில் முடியும் என்று என் வாழைக்குழி சாட்சி சொல்லும். கனத்த மணமுள்ள பழம் வேண்டும். தோல் கறுத்துக் கனிந்த நேந்திரம்பழமும் கெட்டித் தேங்காய்ப்பாலும் சேர்த்து அரைத்தால் கால் தேக்கரண்டிப் பாசியைத் தாங்கும். பக்கத்தில் முதலமடையில் மாம்பழம் இறங்கும் காலத்தில் மாம்பழக் கூழோடு இஞ்சிச்சாறு நாலு சொட்டு விட்டுக் கலப்பது அதைவிட மேல். நிறம் கண்ணை உறுத்தினால் மூடியுள்ள டம்ளரில் குடியுங்கள். மாம்பழ மஞ்சளும் பாசிப் பச்சையும் சேர்ந்து வரும் நிறத்தை அழகு என்று நான் வாதாடமாட்டேன்.

கடலை உருண்டையும் பொருந்தும். வறுத்து இடித்த நிலக்கடலை ஒரு கிண்ணம், பொடித்த கருப்பட்டி முக்கால் கிண்ணம், சுக்குப்பொடி ஒரு சிட்டிகை, சுருள்பாசி இரண்டு தேக்கரண்டி. பாகு காய்ச்சாமல், கடலையிலிருந்து வரும் எண்ணெயிலேயே அழுத்திப் பிடிக்கவேண்டும். 10 உருண்டை வரும், ஒன்றில் அரை கிராம் அளவு இருக்கும்.

சூடு பற்றி

சுருள்பாசியைச் சூடாக்கினால் நஞ்சாகிவிடும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள்; சாட் ஏரிக்கரையில் அதைக் குழம்பாகக் காய்ச்சித்தானே உண்கிறார்கள். புரதமும் இரும்பும் அடுப்பில் காணாமல் போய்விடுவதில்லை. 60 பாகையைத் தாண்டினால் சிதைவது முக்கியமாக அந்த நீல நிறமி; அதோடு வாடையும் அறை முழுவதும் பரவுகிறது. தோசைமாவில் கலந்து கல்லில் ஊற்றிய அன்று, கருவாடு சுடுகிறோம் என்று நினைத்து எதிர்வீட்டுப் பூனை சமையலறை வாசலில் வந்து உட்கார்ந்தது. புட்டுமாவில் கலந்ததும் அதே கதைதான். ஆகவே சத்தை முன்னிட்டும் பூனையை முன்னிட்டும், இறக்கி ஆறிய பிறகு சேர்ப்பதையே வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

சுவையே வேண்டாம் என்றால்

மாத்திரையும் கேப்சூலும் இருக்கின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை ஆறு சேர்ந்தால்தான் 3 கிராம் ஆகும் என்பதை நினைவில் வையுங்கள். சாப்பிட்ட பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரோடு ஒவ்வொன்றாக விழுங்கவேண்டும். வாயில் வைத்துக்கொண்டு யோசித்தால் கரைந்து நாக்கில் ஒட்டிவிடும். வெறும் வயிற்றில் விழுங்கினால் ஏப்பத்தில் அதே கடல்வாடை திரும்பி வரும் என்பதை ஒருமுறை பேருந்தில் சித்தூர் போகும் வழியில் தெரிந்துகொண்டேன்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இவ்வளவு சிரமப்பட்டுச் சாப்பிடுவதில் என்ன கிடைக்கிறது என்ற கணக்கையும் போட்டுவிடுவோம். உலர்ந்த பொடியின் எடையில் பாதிக்கு மேல் புரதம் என்பது உண்மை; 100 கிராமில் ஏறக்குறைய 57 கிராம். ஆனால் நாம் 100 கிராம் சாப்பிடுவதில்லை. 3 கிராமில் கிடைக்கும் புரதம் 2 கிராமைக்கூட எட்டாது. ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கிறது, ஒரு கைப்பிடி நிலக்கடலையிலும் அதற்குக் குறையாது. இரும்பும் அப்படியே: 100 கிராமில் 28 மில்லிகிராம் என்றால் 3 கிராமில் ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. வயதுவந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. ஒரு கிலோ பாசி ஆயிரம் கிலோ காய்கறிக்குச் சமம் என்று கடைவாசலில் ஒட்டியிருப்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். முருங்கைக்கீரையும் கொள்ளும் பயறும் தட்டிலிருந்து இறங்கக்கூடாது. இது அவற்றோடு சேர்ந்து வரும் ஒரு கூடுதல் சிட்டிகை.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளவேண்டும். வைட்டமின் பி12 இதில் ஏராளம் என்ற விளம்பரத்தை நம்பி மருத்துவர் கொடுத்த பி12 மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி பி12ஐப் போன்ற தோற்றம் மட்டும் கொண்டது. நம் உடலுக்கு அது பயன்படுவதில்லை.

யார் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது?

பினைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் இதை உண்ணவே கூடாது, ஏனெனில் அவர்களுக்கு ஆகாத பினைல்அலனின் இதன் புரதத்தில் உண்டு. உடலின் எதிர்ப்பாற்றல் தன் உடலையே தாக்கும் முடக்குவாதம், லூபஸ் போன்ற நோயுள்ளவர்களும், உறுப்பு மாற்று சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து எடுப்பவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், யூரிக் அமிலம் கூடிக் கால்மூட்டு வீங்குபவர்களும் மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்கவேண்டும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் அப்படியே. சிறு குழந்தைகளுக்கு நீங்களாக அளவு நிர்ணயித்துக் கொடுக்காதீர்கள். முதல் சில நாள்களில் தோல் தடித்தாலோ, உதடு வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடைசிப் படி: டப்பாவைக் காப்பது

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று அடிக்கும்போது எங்கள் பக்கத்தில் உப்பு ஜாடியே நீர் விட்டுக்கொள்ளும்; பாசிப்பொடி எம்மாத்திரம்! வாங்கியவுடன் பாதியைத் தனியாகப் பிரித்துக் காற்றுப்புகாத எவர்சில்வர் டப்பாவில் அடைத்து, அடுப்பிலிருந்து தள்ளி, இருட்டான அடுக்கில் வையுங்கள். அன்றாடம் எடுக்கும் பாதிக்குச் சிறிய டப்பா போதும். அதற்குள் ஒரு காய்ந்த கரண்டி நிரந்தரமாக இருக்கட்டும். மோர் கலக்கிய கரண்டி ஒருமுறை உள்ளே போனாலே இரண்டு நாளில் ஓரத்தில் கட்டி விழுந்து நெடி ஏறும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பவர்கள், வெளியே எடுத்து அரைமணி நேரம் கழித்து டப்பாவின் வெளிப்புறம் வியர்ப்பது நின்ற பிறகே திறக்கவேண்டும். திறந்த தேதியை மூடியில் எழுதி ஒட்டிவிடுங்கள். திறந்த மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது எங்கள் வீட்டுக் கணக்கு. அதற்கு மேலும் மிஞ்சினால் மோந்து பார்த்து, மீன்வாடை தூக்கலாக இருந்தால் நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை. கறிவேப்பிலைச் செடியின் அடியில் கொட்டித் தண்ணீர் விட்டுவிடுகிறோம்.